கடுகெண்ணெய்க் குளியல்

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிள்ளானிலிருந்து ரெங்கசாமி மாமா வருவார். வந்து, தனலெட்சுமியையும் அவளுடைய தகரப் பெட்டியையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார். திங்கட்கிழமை நாகப்பட்டினத்துக்குக் கப்பல். இது முடிவான விஷயம். வேலாயுதத்துக்குத் தெரியும், அவன் மனைவி தனலெட்சுமிக்குத் தெரியும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் மற்ற எல்லாருக்கும் இவர்கள் இருவருக்கும் முன்னாலேயே தெரிந்துவிட்டது.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், கிள்ளானில் இருந்த ஒரு போட்டோக் கடையில்தான். அந்தக் கடையில் ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். பெண் தேடுகிற அந்த வட்டாரத்து ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள். வேலாயுதமும் நுழைந்தான். கையில் பிரம்பு, முதுகுக்குப் பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படி. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன ரெங்கசாமி மாமா, தனலெட்சுமியின் அம்மாவான தம் அக்காள் வீட்டில் உட்கார்ந்து, "பையன் ரயில்வேயில இருக்கான். அவன் கை வைக்காம அங்க ஒரு வண்டி நகராது" என்று அடித்துச் சொன்னார். வேலாயுதத்துக்குச் சரக்கு யார்டில் வண்டிக்கு வண்டி கொக்கி மாட்டுகிற வேலை. மாமா பொய் சொல்லவில்லை, அக்காள் வீட்டார் கேள்வி கேட்கவில்லை, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

தனலெட்சுமி கப்பலில் வந்து இறங்கப் போகிறாள் என்றதும் வேலாயுதத்துக்கு உதறல் எடுத்தது. படத்தில் இருக்கிறவனைத்தானே அவள் தேடுவாள்? அடகுக்கடையில் பழைய கோட்டு ஒன்றை வாங்கினான். காலையில் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்படுவான். யார்டில் அதைக் கழற்றி மூலையில் மடித்து வைத்துவிட்டு, கரியும் கிரீசுமாக நாள் முழுக்கக் கொக்கி மாட்டுவான். சாயங்காலம் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மறுபடியும் கோட்டுக்குள் புகுந்து வீட்டுக்கு வருவான். கோலாலம்பூர் வெயிலில் கோட்டு! துரைமார்களே அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போகிற ஊர் இது. அவன் முதுகெல்லாம் வேர்க்குரு பொரிந்துபோயிற்று.

வீட்டுக்குள் வந்தால் பேச்சும் மாறிவிடும். பெரிய உத்தியோகஸ்தன் எப்படிப் பேசுவான் என்று அவனுக்குத் தெரியாததால், பேசாமல் இருப்பதே பத்திரம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவளும் பேசவில்லை. சோறு வரும், குழம்பு வரும், கேட்ட கேள்விக்கு "ம்" வரும். ராத்திரி பாய் இரண்டு. நடுவில் அரிசிப் பானை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள், குழம்பு ஊற்றிக்கொண்டே, "மாமா அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப நானும் போறேன்" என்றாள் தனலெட்சுமி. வேலாயுதம் "சரி" என்றான். வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கோட்டுப் போட்ட ஆள் எந்தக் குரலில் கெஞ்ச வேண்டும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

கொக்கி மாட்டுகிறவன் என்பது தெரிந்துபோய், கேவலப்பட்டுக் கிளம்புகிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டான். கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ரயில்வே விளையாட்டு விழா. கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயிக்கிற அணிக்கு துரை வெள்ளிக் கப்புக் கொடுப்பார். யார்டு அணியில் கடைசி ஆள், இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி நிற்கிற ஆள், வேலாயுதம். கப்பை வாங்கிக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்துவிட்டால்? ஊரே கைதட்டுகிற ஆளை விட்டுவிட்டு எவள் கப்பல் ஏறுவாள்? அவளிடம் ஒன்றும் விவரம் சொல்லவில்லை. "சனிக்கிழம சாயங்காலம் திடல்ல விழா. நீ வரணும்" என்று மட்டும் கனைத்துக்கொண்டு சொன்னான். தினமும் கோட்டோடு திரிகிறவன் அங்கேயும் கோட்டோடு வந்து கோட்டுப் போட்டவர்கள் பக்கத்தில் உட்காருவான் என்று அவள் நினைத்திருக்கலாம்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. யார்டு அணி இதுவரை ஜெயித்ததே இல்லை. வருஷா வருஷம் கப்பு சீக்கியக் காவல்காரர்களுக்குத்தான் போகும்.

"அவனுங்க என்னத்தத் திங்கிறானுங்கன்னு கண்டுபிடிக்கணும்லா" என்றான் அணித் தலைவன் ஜெயராஜ். காப்பிக் கடையில் வாரம் முழுக்க இதே ஆராய்ச்சி. பால் என்றான் ஒருவன். ரொட்டி என்றான் இன்னொருவன். முடி வெட்டாததால் பலம் உள்ளேயே தங்கிவிடுகிறது என்று ஒருவன் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதைச் செய்து பார்க்க ஒரு வாரம் போதாது. கடைசியில் ஜெயராஜே மேசையைத் தட்டினான்.

"எண்ணெடா! நான் பாத்தேன். காலையில அந்த மெஹர் சிங் சரக்குக் கொட்டடி ஓரமா நின்னுக்கிட்டு மஞ்சளா ஒரு எண்ணெய எடுத்து மேலெல்லாம் பூசறாரு. யார்டு வரைக்கும் வாடை வருது. உடம்பப் பாத்தியா? தேக்கு மரத்துக்கு வார்னிஷ் அடிச்ச மாதிரி மின்னுது. நமக்கெல்லாம் கையி வெடிச்சு, தோலு வரவரன்னு கெடக்கு. வேலாயுதண்ணே, உங்களுக்குத்தான் சிங்கு பழக்கமாச்சே. கொஞ்சம் வாங்கிட்டு வாங்க."

மெஹர் சிங் சரக்குக் கொட்டடியின் ஜாகா, அதாவது காவல்காரர். கொட்டடி வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஒரு பசுவைக் கட்டி, இரண்டையும் சரக்கையும் ஒரே கண்ணால் காவல் காக்கிறவர். காவல்காரர்கள் அணிக்கு நங்கூரமும் அவர்தான். போட்டிக்கு முந்தின நாள் எதிரியிடமே போய் மருந்து கேட்க வேலாயுதத்துக்குக் கூச்சமாக இருந்தது.

"சிங்கு, உங்க எண்ணெ கொஞ்சம் குடுப்பீங்களா? எங்க ஆளுங்க எல்லாத்துக்கும் வேணும்."

மெஹர் சிங்குக்கு யார்டு ஆட்களோடு பழகி வந்த தமிழ் கொஞ்சம், சந்தையில் பேசுகிற பாசார் மலாய் கொஞ்சம். அவர் எழுந்து உள்ளே போய், கடுகெண்ணெய் டின்னையே தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாகுஸ், நல்லது! எடுத்துக்கோ. நல்ல மினியாக், நல்ல எண்ணெ. உடம்பு முழுக்க நல்லாத் தேய். ஆள் பலமா இருக்கணும். சும்மா பஞ்ச இழுத்தா எனக்கு என்ன சந்தோசம்?"

இத்தனை பெரிய மனசுக்காரரிடம், எப்படித் தேய்ப்பது, எப்போது தேய்ப்பது என்று வேலாயுதம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எண்ணெயை என்ன செய்வதென்று தமிழனுக்கு ஒருத்தர் சொல்லித் தரவும் வேண்டுமா? மெஹர் சிங்கும் சொல்லவில்லை. எண்ணெய் பூசிக்கொண்ட ஒரு மனிதன் அடுத்து என்ன செய்வான் என்பது அவருக்கும் பிறந்தது முதல் தெரிந்த சங்கதி. இரண்டு பேருக்கும் தெரிந்தது வெவ்வேறு என்பதுதான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

விழா சனிக்கிழமை. ஆண்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கிழமை. இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று வெள்ளிக்கிழமையே எண்ணெய் பங்காகி, லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வேலாயுதம் கோவணத்தைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தான். எண்ணெயை உச்சியில் வைத்து அரக்கினான். கை, கால், மார்பு எல்லாம் ஆயிற்று. முதுகுக்குத்தான் கை எட்டவில்லை. இந்தப் பக்கம் வளைந்தான், அந்தப் பக்கம் வளைந்தான், தோளுக்கு மேலாகக் கையை விட்டுப் பார்த்தான். புழுவாக நெளிந்து கொண்டிருந்தவனைச் சமையல்கட்டு வாசலில் நின்று தனலெட்சுமி எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. கிண்ணம் அவன் பக்கத்திலிருந்து நகர்ந்தது.

"திரும்பி உக்காருங்க."

வேலாயுதம் திரும்பி உட்கார்ந்தான். வேறு என்ன செய்வான்? முதுகில் அவள் உள்ளங்கை பட்டது. கல்யாணமாகி அந்தக் கை அவன் மேல் படுவது அதுதான் முதல் தடவை.

"இது என்ன எண்ணெ, ஊறுகா வாட அடிக்குது?"

"கடுகெண்ணெ" என்றான். கனைக்க மறந்துவிட்டான்.

அவள் கை மேலிருந்து கீழே வந்து, சட்டென்று நின்றது. முதுகு முழுக்கச் சிவந்து கிடந்த வேர்க்குருவைப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கடுகெண்ணெய் அதில் பட்டதும் மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் எட்டி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எரியுதா?"

"இல்ல இல்ல."

"கண்ணுல தண்ணி வருது."

"எண்ணெ எறங்கிருச்சு."

அவள் கை மெதுவாயிற்று. வேர்க்குருவை ஒட்டி ஒட்டி விரலால் நீவி, தோளை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தி, பிடரியில் கட்டைவிரலால் உருட்டி, உச்சந்தலையில் பளார் பளார் என்று தட்டினாள். எண்ணெய் தேய்த்துவிடத் தெரிந்த கை அது. புருஷன் சாயங்காலம் கயிறு இழுக்கப் போகிறான் என்று ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் அந்தக் கை அவ்வளவு சிரத்தையாகத் தேய்த்திருக்காது. அவன்தான் சொல்லவில்லையே.

பிறகு முறைப்படி எல்லாம் நடந்தது. இளவெயிலில் ஊறவைத்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சீயக்காய் போட்டு, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் தேய்த்து விட்டாள். பூண்டு தட்டிப் போட்ட மிளகு ரசமும் கோழிக்குழம்புமாகச் சோறு போட்டாள். அவன் போதும் போதும் என்று சொல்லச் சொல்லப் போட்டாள். வேலாயுதம் சந்தோஷத்தில் இரண்டு ஆள் சோற்றைத் தின்றான். லயத்தில் மற்ற வீடுகளிலும் இதே கதைதான். அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்த மாதிரி ஒரு வாசனை.

எண்ணெய் தேய்த்துக் குளித்த உடம்புக்கு என்ன வரும்? தூக்கம் வரும். அன்றைக்குப் பகலில் படுக்கக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும், ஆகையால் யாரும் படுக்கவில்லை. யார்டு அணி முழுவதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே திடலுக்கு வந்து சேர்ந்தது. கடுகெண்ணெய் இறங்கி எட்டுப் பேர் கண்ணும் கோவைப்பழம். ஜெயராஜ் கொட்டாவி விட்டான். அது வரிசையாகக் கைமாறி வேலாயுதத்திடம் வந்து முடிந்தது.

துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு கிட்டே வந்தார். சிவந்த கண்ணையும் தள்ளாடுகிற காலையும் பார்த்து, கள்ளுக்கடையிலிருந்து நேராக வருகிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டார். ஜெயராஜை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். பூண்டு ரசம். அடுத்தவனைப் பார்த்தார். ஊறுகாய். மூன்றாமவனிடம் போகவில்லை. விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தூரப் போய் நின்றார்.

பெண்கள் பக்கத்தில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் தனலெட்சுமி நின்றாள். கோட்டுப் போட்டவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் ஒவ்வொரு முகமாகத் தேடுவது வேலாயுதத்துக்குத் தெரிந்தது. வெறும் பனியனோடு, இடுப்பில் கயிறோடு அவன் எதிர்ப்பக்கம் நின்றான். இன்னும் ஒரு நிமிஷம், கப்பு கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விசில் ஊதியது. எட்டுப் பேரும் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வுதான் கெடுத்தது. கயிறு தாங்குகிறது, வெயில் இதமாக இருக்கிறது, வயிற்றில் கோழிக்குழம்பு. சாய்வு நாற்காலியில் படுத்த சுகம்! வேலாயுதத்தின் கண் ஒரே ஒரு நொடி மூடியது. திறந்தபோது அவன் தரையில் கிழித்த நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான்.

"என்னண்ணே, இழுத்தீங்களா?" என்றான் ஜெயராஜ்.

"நீ இழுத்தியா?"

இரண்டு பேரும் கொட்டாவி விட்டார்கள்.

இரண்டாவது இழுப்பில் யார்டு அணி ரோஷத்தோடு கத்திக்கொண்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கயிறு அசையவில்லை. கூட்டம் எழுந்து நின்றது. "இழு! இழு!" என்று லயமே கூவியது. வேலாயுதம் உயிரைக் கொடுத்து இழுத்தான். நாளைக்கு வீட்டில் தகரப் பெட்டி இருக்குமா இருக்காதா என்பது அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது என்று இழுத்தான். அந்தச் சமயம் பார்த்து நடுவில் ஒருத்தன் தூங்கி, முன்னால் இருந்தவன் மேல் சரிந்தான். அவன் அடுத்தவன் மேல் சரிந்தான். எல்லாரும் கயிற்றை விட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவராகக் குவிந்தார்கள். வேலாயுதத்தால் மட்டும் விட முடியவில்லை. கயிறு அவன் இடுப்பில் இருந்தது.

எதிர்ப்பக்கம் எட்டு சீக்கியர்கள் முழு வேகத்தில் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். வேலாயுதம் குப்புற விழுந்து, முந்தின ராத்திரி பெய்த மழையின் சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு, நடுக்கோட்டைத் தாண்டி, பேண்டு வாத்தியக்காரர்களைத் தாண்டி, பெண்கள் நின்ற இடத்துக்கு நேர் முன்னால் வந்து நின்றான். நிமிர்ந்து பார்த்தான். தனலெட்சுமி.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று வாயைத் திறந்தான். கொட்டாவிதான் வந்தது. அதுவும் சாதாரணக் கொட்டாவி இல்லை. காது வரைக்கும் வாய் பிளந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கடைசியில் "ஆவ்" என்று சத்தத்தோடு முடிந்த கொட்டாவி.

தனலெட்சுமி முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டாள். தோள் குலுங்கியது. முந்தானை தாங்கவில்லை. அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு வள்ளியம்மா அக்காவின் மேல் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். வேலாயுதம் சேற்றில் கிடந்தபடி அதைப் பார்த்தான். கப்புப் போயிற்று, மானம் போயிற்று, எல்லாம் போயிற்று என்று தெரிந்தும், அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படுத்தபடியே சிரித்தான்.

மெஹர் சிங் பதறிப்போய் ஓடி வந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"என்ன ஆச்சு உனக்கு? எண்ணெ தேச்சியா இல்லியா?"

"தேச்சேன் சிங்கு. தலையில வச்சு, வெயில்ல ஊறி, சீயக்கா போட்டு..."

"தலையில? போட்டிக்கு காலையில?" மெஹர் சிங்கின் கண் பெரிதாயிற்று. "அப்புறம் தண்டால் எத்தன போட்ட?"

"தண்டாலா? சாப்பிட்டேன்."

மெஹர் சிங் அவனை ஒரு பார்வை பார்த்தார். தரையில் குவிந்து கிடந்த யார்டு அணியையும் பார்த்தார். பிறகு கைகொட்டிச் சிரிக்க ஆரம்பித்தவர், தம் ஆட்களிடம் பஞ்சாபியில் சொல்ல, அவர்களும் தலைப்பாகை அவிழச் சிரித்தார்கள். "அடேய், எண்ணெ பூசி தண்டால் போடணும், பஸ்கி போடணும்! வேர்வ வரணும், அப்புறம்தான் குளி! நீங்க குளிச்சு, தின்னு, தூங்க வந்தீங்களா?" என்று அவர் கேட்டது திடல் முழுக்கக் கேட்டது.

கப்பு எங்கே போக வேண்டுமோ அங்கே போயிற்று.

சாயங்காலம் வேலாயுதம் முன்னால் நடந்தான். தனலெட்சுமி பின்னால் வந்தாள். அவன் மேல் கோட்டு இல்லை. சேறு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

"எனக்கு உத்தியோகமெல்லாம் இல்ல தனம்" என்றான் திரும்பாமலே. "கொக்கி மாட்டுற வேல."

"தெரியும். வந்த வாரமே வள்ளியம்மா அக்கா சொல்லிட்டாங்க."

அவன் நின்றுவிட்டான். "அதுக்காகத்தானே போறேன்னு சொன்ன?"

"எங்கப்பா வண்டி மாடு ஓட்டுறவரு. வேலைக்காக யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா?" அவள் குரலில் முதல் தடவையாகச் சூடு இருந்தது. "தினமும் பொழுது சாஞ்சா கோட்ட மாட்டிக்கிட்டு ஒரு ஆளு வராரு. என்னப் பாத்ததும் கனைக்கிறாரு. ஒரு பேச்சு இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. நான் வந்தது புடிக்கலன்னு நெனச்சேன். புடிக்காத ஆளு வீட்ல எத்தன நாளு சோறாக்கிப் போட முடியும்?"

புடிக்கலையா? இவளையா? ஏதோ சொல்லப் போனவனை அவளே மறித்தாள்.

"இன்னிக்குச் சேத்துல உருண்டு வந்தாரே, அவரு யாரு?"

"அது... நான்தான்."

"மொதல்லயே காட்டியிருக்கலாம்ல, அவர" என்றாள். போகிறாளா இருக்கிறாளா என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. வீட்டில் தகரப் பெட்டி கயிறு கட்டியபடி வாசல் பக்கம் தயாராக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது வேலாயுதத்தால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம். முதுகு பலகையாக விறைத்துப்போயிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு மெஹர் சிங் வந்தார். ஒரு சின்னச் சட்டியில் கடுகெண்ணெயைப் பூண்டு போட்டுக் காய்ச்சி எடுத்து வந்திருந்தார். வாசலிலேயே நின்று தனலெட்சுமியிடம் சட்டியை நீட்டினார்.

"தங்கச்சி, தலையில வேணாம். சீயக்கா வேணாம். கோழி வேண்டவே வேணாம்! வலிக்கிற எடத்துல தேய். புண்ணுல படாம தேய். அப்புறம் அவன நடக்க விடு."

அவர் போனதும் தனலெட்சுமி அவனைக் குப்புறப் படுக்க வைத்து, மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். வெதுவெதுப்பான எண்ணெய் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. கண்ணை மூடினான். மூடியது சுகத்தில் இல்லை. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் அவனுக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் கை நிற்கவில்லை.

சற்று நேரத்தில் ரெங்கசாமி மாமா குடையும் மூட்டையுமாக வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னும் பொறப்படலியா? மாப்பிள்ளைக்கு என்ன? சரி சரி, பெட்டியத் தூக்கு. திரும்புற வண்டிக்கு நேரமாச்சு."

தனலெட்சுமி இரண்டு உள்ளங்கைகளையும் மாமாவுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். முழங்கை வரை மஞ்சளாக மின்னியது.

"கையெல்லாம் எண்ணெயா இருக்கு மாமா. பெட்டியத் தொட முடியாது."

"கழுவிட்டு வாயேன்."

"இது கழுவினா போற எண்ணெ இல்ல. நாலு நாளைக்கு வாட போகாது. கப்பல்ல பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

மாமா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். உண்மைதான். "அப்படின்னா அடுத்த கப்பலா?" என்றார்.

தனலெட்சுமி கைகளைத் திரும்பவும் புருஷன் முதுகில் வைத்தாள். "இங்க வாரா வாரம் சனிக்கிழம வருதே மாமா" என்றாள்.

மாமா அவளைப் பார்த்தார். குப்புறக் கிடந்தவனைப் பார்த்தார். குடையை மூலையில் சாத்திவிட்டு, கட்டி வைத்திருந்த பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். வேலாயுதத்துக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் முதுகில் சுளீர் என்றது.

"அசையாம கெடங்க" என்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள் தனலெட்சுமி. அதுவும் வலித்தது. அவன் சிரித்துக்கொண்டே கிடந்தான்.